கிளட்ச் தேய்ந்ததா, வயர் தளர்ந்ததா?

நம் சங்க அன்பர்கள் சிலரிடம் பழைய மாருதி 800 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1983 டிசம்பரில் வெளிவந்த அந்தக் காரின் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆக, கடைசியாக வந்த வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. புனே நகருக்குள் காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் பயன்படும் வரை அதன் குறைகள் அவ்வளவாகத் தெரிவதில்லை. விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பி, சாத்தாராவுக்கு முன்னால் கம்பாட்கி கணவாயில் ஏறும்போதுதான் தெரியும். பின்சீட்டில் வயதான தாயாரும் குழந்தைகளும், மேலே கேரியரில் மூட்டைகள், பின்னால் ஹாரன் அடிக்கும் லாரி. அந்த இடத்தில் கிளட்ச் கைவிட்டால் வண்டியை ஓரம்கட்டக்கூட இடம் கிடைக்காது. எனவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே சோதித்துக்கொள்வது நல்லது. வாகனப் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், வீட்டிலேயே செய்யக்கூடிய சில சோதனைகளை இங்கே சொல்கிறேன்.

முதலில் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம் ஃபிளைவீல். அதன்மேல் திருகி வைத்த, ஸ்பிரிங் உள்ள மூடி பிரஷர் பிளேட். இவை இரண்டுக்கும் நடுவே இருப்பது கிளட்ச் பிளேட். ஸ்பிரிங் அழுத்துவதால் மூன்றும் ஒன்றாகச் சுழன்று, எஞ்சினின் சக்தி கியர் பாக்ஸுக்குப் போகிறது. நாம் பெடலை மிதித்தால் வயர் இழுத்து, ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ள, பிடி விடுகிறது. இதில் கோளாறு இரண்டே வகை. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் நழுவுவது ஒன்று. விட வேண்டிய நேரத்தில் விடாமல் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. பிளேட் தேய்ந்தால் வருவது முதல் வகை. கியர் விழ மறுப்பது இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

நழுவலைக் கண்டுபிடிக்கச் சாலையில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாகன நெரிசல் இல்லாத இடத்தில், நாலாவது கியரில் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறினால் கிளட்ச் நலம். சத்தம் மட்டும் சட்டென்று உயர்ந்து, ஸ்பீடாமீட்டர் முள் சோம்பேறியாக நகர்ந்தால் கிளட்ச் நழுவுகிறது. லேசான ஏற்றத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கருகிய நாற்றமும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, நின்ற நிலையிலேயே கிளட்சை விட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. அதில் எஞ்சின் நின்றுவிட்டால் பலர் நிம்மதி அடைகிறார்கள். மிகவும் தேய்ந்த பிளேட்தான் அந்தச் சோதனையில் அகப்படும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பரின் கார் ஏற்றத்தில் இழுக்கவில்லை, பெட்ரோலும் அதிகம் குடித்தது. எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் கை வைக்க அவர் தயாராகிவிட்டார். நான் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் பலவீனமானால் சத்தமே எழும்பாது, திணறும். அவர் காரில் எஞ்சின் உற்சாகமாகக் கத்தியது, வண்டிதான் போகவில்லை. கிளட்ச் பிளேட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது. ரீபோருக்கு முன் இந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதற்கு ஒரு பைசா செலவில்லை!

சரி, நழுவுகிறது என்று தெரிந்துவிட்டது. உடனே பிளேட் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதலில் சிறிது தூரம் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். அதைத்தான் ஃப்ரீ பிளே என்கிறோம். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். காரோடு வந்த கையேட்டில் உள்ள அளவே சரியானது. இங்கே பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே கூடாது, குறையும். பிளேட் மெலியும்போது ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங்கை நோக்கி வருவதே காரணம். ஃப்ரீ பிளே முழுவதும் தீர்ந்துவிட்டால், நாம் மிதிக்காமலே பெடலை லேசாக மிதித்த மாதிரி ஆகிவிடும். நல்ல பிளேட்டும் அப்போது நழுவும், பேரிங்கும் வீணாகும். கியர் பாக்ஸ் பக்கம் வயரின் முனையில் உள்ள நட்டைத் தளர்த்தி அளவை மீட்டுவிட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிறகும் நழுவினால், அல்லது நட்டில் திருக இடமே மிச்சம் இல்லையென்றால், பிளேட்டின் காலம் முடிந்தது.

வயர் நீண்டுபோனால் நேர் எதிர். ஃப்ரீ பிளே அதிகமாகி, பெடல் தரை வரை போனாலும் கிளட்ச் முழுதாக விடாது. எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். கரகரவென்று உரசினால் கிளட்ச் ஒட்டுகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு அதே கியர்களைப் போடுங்கள். இப்போது சுலபமாக விழுந்தால் குற்றம் கிளட்சிலோ வயரிலோதான். அப்போதும் முரண்டு பிடித்தால் கியர் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். இந்த நோய்க்குப் பிளேட்டை மாற்றிவிட்டு, பிரிப்பிரியாக இற்றுப்போன வயரை அப்படியே விட்டுவைத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் நின்றால் கியர் பாக்ஸ் உள்ளே உள்ள பேரிங். கிளம்பும்போது வண்டி உதறினால் முதலில் எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். அது மலிவான பொருள்.

மெக்கானிக்கிடம் "க்ளட்ச் ஸ்லிப் ஹோ ரஹா ஹை" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், ஃப்ரீ பிளே சரிசெய்த பிறகும் நாலாவது கியரில் நழுவுகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது என்பதால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது புத்திசாலித்தனம். பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைகள் மேற்பரப்பை ஒட்டி வந்திருந்தால் தேய்மானம் உண்மை. பிளேட் கனமாகவே இருந்து, எண்ணெய் பளபளத்தால் ஆயில் சீல் கசிகிறது என்று பொருள். சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் சீக்கிரமே எண்ணெயில் ஊறிவிடும்.

புதுப் பிளேட்டோடு நேரே மலையேற வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் நகருக்குள் நிதானமாக ஓட்டி, ஃப்ரீ பிளேயை இன்னொரு முறை அளந்து பாருங்கள். இரண்டு வாரம் முன்பே சோதிக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.