புழக்கடையில் மீனும் கீரையும்

இயற்கையின் இல்லத்தில் கழிவென்று எறியப்படும் பொருள் யாதும் இல்லை. மரம் உதிர்த்த இலை மண்ணுக்கு உரமாகிறது. மாடு இட்ட சாணம் வயலுக்கு வளமாகிறது. இவ்வுண்மையை நம் உழவர் ஏட்டில் படித்து அறிந்தாரல்லர், கைப்பழக்கத்தால் அறிந்தனர். அதுபோலவே, மீன் கழித்ததைக் கொண்டு கீரையை வளர்த்து, கீரை தூய்மை செய்த நீரை மீண்டும் மீனுக்கே அளிக்கும் முறை ஒன்று இக்காலத்தில் பல தேசங்களிலும் கையாளப்படுகின்றது. ஆங்கிலத்தில் அதனை அக்குவாபோனிக்ஸ் என்பர்; யாம் இக்கட்டுரையில் கூட்டுவளர்ப்பு என வழங்குவோம். புழக்கடையில் சிறிய அளவில் இதனைத் தொடங்க விரும்பும் மாணவ நண்பர்க்குப் பயன்படுமாறு, அதன் தத்துவத்தையும் செய்முறையையும் சுருங்கக் கூறுவதே எமது நோக்கம்.

இதன் கருத்துப் புதியதன்று. சீன தேசத்துச் செஜியாங் மாகாணத்திலுள்ள சிங்தியன் பகுதியில், நெல்வயலில் நிற்கும் நீரிலேயே மீன் வளர்க்கும் வழக்கம் நூற்றாண்டுகள் பலவாக நிலவுகின்றது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் 2005-ஆம் ஆண்டில் அதனை உலகப் பாரம்பரிய வேளாண்முறைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வயலின்றித் தொட்டியிலும் பாத்தியிலும் இதனை நடத்தும் வகையை, 1980-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் மார்க் மக்மர்ட்ரி என்பாரும், கரிபியக் கடலிலுள்ள கன்னித் தீவுகளின் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் ராகோசி என்பாரும் ஆராய்ந்து உருப்படுத்தினர்.

தத்துவம்

இம்முறையில் மீன், பயிர் என இரண்டு உயிர்களே உள்ளன என்று கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் உள்ளவை மூன்று. மூன்றாவது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர். தொடக்கத்தில் மீன்களை இழப்பவருள் பலர் இம்மூன்றாவதை மறந்தமையாலேயே இழக்கின்றனர்.

மீன் தன் செவுள்களின் வழியாக அம்மோனியாவை நீரில் விடுகின்றது. அது மிகுந்தால் மீனையே கொல்லும். நைட்ரோசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, அது மீனின் இரத்தத்திற் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கும். பின்னர் நைட்ரோஸ்பைரா, நைட்ரோபேக்டர் முதலிய வேறு நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டோ மீனுக்குப் பெருந்தீங்கு விளைப்பதன்று, கீரைக்கு நல்லுணவு.

இம்மாற்றம் உயிர்களின் செயலே என்பதைப் பிரான்சு தேசத்து ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர் 1877-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயின் வழியே அவர்கள் சாக்கடை நீரை மெல்லச் செலுத்தினர். இருபது நாள் அளவும் அம்மோனியா மாறாமலே வெளிவந்தது. அதன் பின்னரே நைட்ரேட்டு தோன்றலாயிற்று. குளோரோபாரத்தின் ஆவியைச் செலுத்தியவுடன் மாற்றம் நின்றது. சிறிது மண்ணைக் கரைத்த நீரை விட்டபோது மீண்டும் தொடங்கியது. அக்குழாய்க்கு வேண்டியிருந்த அவகாசம் நம் புழக்கடைப் பாத்திக்கும் வேண்டும். இவ்வொன்றை உணர்ந்தவர் பாதி வித்தையைக் கற்றவராவர்.

அமைப்பு

தொடங்குவார்க்கு 500 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உடைய பாத்தி ஒன்றும் போதும். தொட்டியை நிழலில் வைத்து மூடியிடல் வேண்டும்; வெயில் பட்டால் பாசி படரும். பாத்தி தொட்டியினும் உயரமாக இருப்பின், மேலேற்றிய நீர் தானே கீழே வடியும். பாத்தியில் 8 முதல் 20 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள சரளைக்கல்லை நன்கு அலசி நிரப்புக. அக்கல்லின்மேல் சில துளி வினிகர் விட்டால் நுரைக்குமாயின் அது சுண்ணாம்பு கலந்த கல், அதனை விலக்குக. 300 லிட்டர் அளவுள்ள கல் ஏறக்குறைய அரை டன் நிறையுடையது. ஆதலின் பாத்தியை உறுதியான தரையில் எழுப்பிய தாங்கிகளின்மேல் அமைக்க வேண்டுமேயன்றி, கட்டட வல்லுநரைக் கேளாமல் மாடியில் ஏற்றலாகாது.

மணி ஒன்றுக்கு 500 லிட்டருக்குக் குறையாத நீரைப் பாத்தியின் உயரத்திற்கு ஏற்றவல்ல மின்பம்பு வேண்டும். பாத்தியில் நீர் மேற்பரப்பிற்கு 5 சென்டிமீட்டர் கீழே வரை ஏறியதும், ஸைபன் குழாய் ஒன்று தானே இயங்கி அதனை வடித்துவிடுமாறு செய்க. நீர் ஏறும்போது கல்லெல்லாம் நனையும். வடியும்போது காற்று உட்புகும். வேருக்கும் நுண்ணுயிருக்கும் அக்காற்று இன்றியமையாதது.

காத்திருத்தல்

குழாய்நீரில் குளோரின் கலந்திருப்பின், இரண்டு நாள் திறந்து வைத்து அது அகன்றபின் பயன்படுத்துக. பின் பம்பை ஓடவிட்டு, மீன் ஒன்றும் விடாமல், மீன்தீனியில் ஒரு சிட்டிகையை நாள்தோறும் நீரில் இடுக. அது அழுகி அம்மோனியாவைத் தரும். அதனை உண்டு நுண்ணுயிர்கள் கல்லின்மேல் குடியேறும். முன்பே நடந்துவரும் பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடிக் கல் கிடைக்குமாயின் குடியேற்றம் விரைவில் நிகழும்.

வண்ணமீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு ஆகியவற்றை அளக்கும் சோதனைத் திரவங்கள் கிடைக்கும். முதலில் அம்மோனியா ஏறும். அது தணியுங்கால் நைட்ரைட்டு ஏறும். அதுவும் தணியுங்கால் நைட்ரேட்டு காணப்படும். தீனி இட்டுவந்தும் முதலிரண்டும் இல்லையென்றே சோதனை காட்டுமாயின், அன்றே மீன் விடுதற்குரிய நாள். இதற்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். நீர் பளிங்குபோல் தெளிந்திருப்பதைக் கண்டு மயங்கலாகாது. அம்மோனியாவிற்கும் நைட்ரைட்டுக்கும் நீரில் நிறமில்லை. தெளிந்த நீரே கொல்லும் நீராகவும் இருத்தல் கூடும்.

மீனும் பயிரும்

எத்தனை மீன் விடலாம் என்பதைத் தொட்டியைப் பார்த்தன்று, பாத்தியைப் பார்த்தே கணித்தல் வேண்டும். கீரை வகை விளையும் ஒரு சதுர மீட்டர்ப் பாத்தி நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் வரை தீனியின் கழிவை ஏற்கும். வளர்ந்த மீன் தன் நிறையில் நூற்றுக்கு 2 பங்கு உண்ணும் எனக் கொண்டால், 50 கிராம் தீனிக்கு இரண்டரை கிலோ மீன்; அதாவது, கால் கிலோ நிறையுள்ள மீன்கள் பத்து. குஞ்சுகள் சிறியனவாக இருக்கும்போது தீனியும் குறைவு. ஆதலின் செடிகளையும் சிலவாகவே நட்டுப் படிப்படியாகப் பெருக்குக.

சாதாக் கெண்டை, ஜிலேபிக் கெண்டை ஆகியவை சிறு குறைகளைத் தாங்கும் இயல்பின. இவற்றுள் பின்னதை வளர்ப்பதற்கு அரசாங்க விதிகள் உண்டாதலின், மீன்வளத் துறையாரை முன்னரே கேட்டறிக. பயிருள் கீரை, புதினா, பசலை முதலியன முதற்பருவத்திற்கு ஏற்றவை. தக்காளி, கத்தரி, மிளகாய் என்பன மிகுந்த சத்தை வேண்டுவன. அவை இரண்டாம் பருவத்திற்குரியன.

இடையூறுகள்

முதலாவது இடையூறு, மின்சாரம் நிற்றல். மீனுக்கு லிட்டர் ஒன்றில் 5 மில்லிகிராமேனும் பிராணவாயு வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் கொள்ளும்; 30 பாகையிலோ ஏழரையே கொள்ளும். கோடையில் நம் நாட்டில் இடைவெளி எத்துணைச் சிறிது என்பது இதனால் விளங்கும். ஆதலின் மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்தல் நன்று. மீன்களை நெருக்கமின்றி வளர்த்தல் அதனினும் சிறந்த காப்பு.

இரண்டாவது, நீரின் அமிலநிலை. நுண்ணுயிர்களின் தொழிலால் நீர் நாளடைவில் புளிப்பேறும், பி.எச். எண் 6-க்குக் கீழ் இறங்கின் அவற்றின் தொழில் தளரும். பொடித்த கிளிஞ்சலைத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டால் அது மெல்ல உயரும். எனினும் 7-ஐ மிக விஞ்சலாகாது. 25 பாகை வெப்பத்தில் எண் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவின் நஞ்சான பகுதி ஏறத்தாழப் பத்து மடங்காகும்.

மூன்றாவது, சத்துக்குறை. மீன்தீனியில் இரும்பு போதியதன்று. புதுத்தளிரில் நரம்பு பசுமையாகவும் இடைப்பரப்பு மஞ்சளாகவும் காணின், செடி உறிஞ்சும் வகையில் பக்குவம் செய்த இரும்புச் சத்தைச் சிறிது இடுக.

நான்காவது, மருந்து. செடிக்குத் தெளித்த பூச்சிமருந்து நீரில் இறங்கி மீனைக் கொல்லும். மீனுக்கு இட்ட மருந்து நுண்ணுயிரைக் கொல்லும். ஒரே நீரில் வாழும் மூவரில் ஒருவரின் மருந்து மற்றவர்க்கு நஞ்சாகும். ஆகவே பூச்சியைக் கையால் எடுத்தலும், நோயுற்ற மீனை வேறு பாத்திரத்தில் வைத்துப் பேணுதலுமே தக்கன.

இத்தகைய சிறு தொட்டியால் ஒருவரும் செல்வராக மாட்டார். பொரியலுக்குக் கீரையும், ஆண்டில் சில நாட்களுக்குக் குழம்பு மீனும் கிடைக்கும். நாள்தோறும் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக ஒரு குடம் நீர் ஊற்றுதலே செலவு. ஆயினும், இரசாயன சாலையில் வாய்பாடாகக் கற்றதைப் புழக்கடையில் உயிரோடு காண்பது கல்வியின் பெரும்பயன் அன்றோ? விருப்பமுள்ள நண்பர் முதலில் தொட்டியையும் பாத்தியையும் அமைக்க. தீனியைச் சிட்டிகை சிட்டிகையாக இடுக. சோதனையை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதுக. மீன்குஞ்சு வாங்கப் புறப்படும் நாளை அவசரம் குறிக்க விடாது, அக்குறிப்பேடே குறிக்கட்டும்.