ஞாயிறுதோறும் 300 கிலோமீட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் நண்பனின் அண்ணனுக்குக் குடும்பநல நீதிமன்றம் மாதத்தில் இரண்டு மணி நேரம்தான் மகனைப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறது, மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டிருந்தாய். சட்டக் கல்லூரியில் பிரிவு எண்களைச் சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றுக்கு முன் மதுரைக் குழந்தை ஒன்றின் வழக்கைக் கேள்.

பெற்றோர் பிரிந்த பின் இரண்டு வயதுப் பெண் குழந்தை தாயோடு மதுரையில் இருந்தாள். ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை தந்தை அவளைக் கரூரில் பார்க்கலாம் என்பது உத்தரவு. போக, வர 300 கிலோமீட்டர். தாய் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2024 டிசம்பரில் வந்த தீர்ப்பு, தந்தை மகளைப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. இடத்தைத்தான் மதுரைக்கு மாற்றியது: பூங்காவிலோ கோயிலிலோ சந்திக்கலாம், தாய் பத்தடி தள்ளி நிற்கலாம்.

அங்கே எடுபட்டது தந்தை கெட்டவர், தாய் நல்லவர் என்ற வாதம் அல்ல. வாராவாரம் அவ்வளவு தூரம் அலைவதை அந்தப் பச்சை உடம்பு தாங்காது என்பதுதான். மேல்முறையீட்டு மனுக்கள் பலவும் இதைத்தான் தவறவிடுகின்றன. பக்கம் பக்கமாக எதிர்த்தரப்பைத் திட்டியிருப்பார்கள். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும், பள்ளி எப்போது விடும், என்ன மருந்து சாப்பிடுகிறது என்று ஒரு வரி இருக்காது. இவையெல்லாம் கீழ் நீதிமன்றத்திலேயே பதிவாகியிருக்க வேண்டும். மேலே போனபின் புதுச் சாட்சியம் சேர்க்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் எளிதில் விடாது.

1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, இறுதி உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் உயர்நீதிமன்றம் போகலாம். இரு நீதிபதிகள் அமர்வு கேட்கும். சட்டப் பிழை மட்டுமின்றி, நடந்த விவரங்கள் பற்றியும் வாதாட இடமுண்டு. சான்றிட்ட நகல் தயாராகப் பிடிக்கும் நாள்கள் கணக்கில் கழியும். நகலுக்கு மனுவே போடாமல் இருந்த நாள்கள் கழியா.

ஆனால் பார்க்கும் உரிமை பற்றிய உத்தரவுகளில் பல, வழக்கு நடக்கும்போதே போடப்படும் இடைக்கால உத்தரவுகள். அவற்றுக்கு 19ஆம் பிரிவு உதவாது. தமிழ்நாட்டில் அரசியல் சாசனத்தின் 227ஆவது பிரிவின்கீழ் சீராய்வு மனு போடுவார்கள்; வக்கீல்கள் வாயில் அது சி.ஆர்.பி. கீழ் நீதிமன்றம் வரம்பு மீறியதா, வெளிப்படையாகத் தவறியதா என்றுதான் அதில் பார்ப்பார்கள். சாட்சியத்தை முதலிலிருந்து எடைபோட மாட்டார்கள். உன் நண்பனின் அண்ணன் கையில் இருப்பது எந்த வகை உத்தரவு என்று முதலில் கேள்.

இருவரும் சம்மதித்துப் பெற்ற உத்தரவுக்கோ மேல்முறையீடே கிடையாது. சமரச மையத்தில் களைத்துப்போய்க் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்போதும் வழி அடைபட்டுவிடவில்லை. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இல் தெளிவாக்கியது: குழந்தை யாரிடம் இருப்பது என்ற உத்தரவுகள் இயல்பிலேயே தற்காலிகமானவை, நிலைமை மாறினால், குழந்தையின் நலனுக்காக அவற்றை மாற்றலாம். மகன் பள்ளியில் சேர்ந்துவிட்டான், தந்தைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்றால், அதே நீதிமன்றத்தில் மாற்றம் கேட்பதே மேல். செலவும் குறைவு.

மேல்முறையீடு செய்ததாலேயே உத்தரவு நின்றுவிடாது. தடை தனியாக வாங்க வேண்டும். அது கிடைக்கும்வரை குழந்தையைக் காட்டாமல் ஒளித்து வைப்பது, எந்தத் தரப்பு செய்தாலும், நீதிமன்ற அவமதிப்பில் கொண்டுபோய் விடும்.

பார்க்க முடியாமல் தவிக்கிறவருக்குக் காத்திருக்கும் காலம் கொடியது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓராண்டு என்பது அதன் ஆயுளில் பாதி அல்லவா? பிரிந்து வாழும் தந்தையோ தாயோ நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேச வழி இருக்க வேண்டும், காணொளி அழைப்பும் அதற்கு உதவும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியிருக்கிறது. ஆகவே எந்த வழியில் போனாலும், அந்த அழைப்புக்கென ஓர் இடைக்கால மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யச் சொல். எத்தனை மணிக்கு, யார் கைபேசியில் என்பதுவரை அதில் எழுதட்டும்.

அன்புடன்,
அண்ணன்