இரண்டாவது திர்ஹம்

எங்கேனும் பூகம்பம் என்ற செய்தி வந்தவுடன் நம் மஹல்லாக்களில் வசூல் தொடங்கிவிடுகிறது. ஜும்ஆவுக்குப் பின் துண்டு ஏந்துகிறோம். அரிசியும் போர்வையும் சேர்த்து அனுப்புகிறோம். இது ஈமானின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மாதம் சென்றதும் அந்த ஊரை மறந்துவிடுகிறோம். அந்த மக்களுக்கோ அப்போதுதான் நீண்ட கஷ்டம் ஆரம்பமாகிறது. இடிந்த ஊரை மீண்டும் எழுப்புவதில் நம் கடமை என்ன? அதை இம்மாதப் பாடமாகப் பார்ப்போம்.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி

அன்ஸாரிகளில் ஒரு ஏழை நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும்தான் இருந்தன. அவற்றை வரவழைத்துத் தாமே ஏலம் விட்டு, இரண்டு திர்ஹங்களுக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்குக் குடும்பத்துக்கு உணவு. மற்றொரு திர்ஹத்துக்குக் கோடரி. அந்தக் கோடரிக்குத் தமது முபாரக்கான கரத்தாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள். பதினைந்து நாள் கழித்து அவர் பத்துத் திர்ஹங்களுடன் திரும்பி வந்தார். இச்சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

கவனியுங்கள்! முதல் திர்ஹம் அன்றைய பசியைத் தீர்த்தது. இரண்டாவது திர்ஹம்தான் அவரை எழுந்து நிற்கச் செய்தது. நம் வசூல்கள் பெரும்பாலும் முதல் திர்ஹத்தோடு நின்றுவிடுகின்றன.

கட்ச் தரும் படிப்பினை

2001 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டம் அதிர்ந்தது. பச்சாவ், அஞ்சார், புஜ், ராபர் ஆகிய ஊர்கள் இடிபாடுகளாயின. அஞ்சாரில் குடியரசு தின ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள் பலர் குறுகிய தெருவில் கட்டடங்கள் சரிந்து மாண்டனர். குஜராத்தில் மட்டும் 13,800க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. லட்சக்கணக்கான வீடுகள் இடிந்தன.

முதலில் கிராமங்களை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்ற யோசனை வந்தது. பெரும்பாலான கிராமத்தார் அதை ஏற்கவில்லை. முன்னோர் வாழ்ந்த மண், வயல், கிணறு, அண்டை அயலார், இவற்றை விட்டுப் போக மனம் வரவில்லை. எனவே வீட்டுக்காரரே தம் வீட்டைக் கட்டிக்கொள்ள அரசு பணம் கொடுத்தது. அதையும் மொத்தமாகக் கொடுக்கவில்லை. தவணை தவணையாகக் கொடுத்தது. ஒரு கட்டத்து வேலையைப் பொறியாளர் வந்து பார்த்த பின்பே அடுத்த தவணை.

இதில் பெரிய ஹிக்மத் உண்டு. மண்சாந்தில் கல்லை அடுக்கிய சுவர்களே பலரைக் கொன்றன. அதே மாதிரிச் சுவரை மறுபடியும் எழுப்பினால் அடுத்த பூகம்பத்துக்குப் பிள்ளைகளைப் பலிகொடுப்பதாகவே ஆகும். சுவர்களை ஒன்றாகப் பிணைக்கும் கான்கிரீட் பெல்ட், மூலைகளில் இரும்புக் கம்பி ஆகியவை கட்டாயமாயின. அவ்வூர் மக்களின் பழைய வட்ட வடிவ வீடான ‘பூங்கா’ பல இடங்களில் அதிர்ச்சியைத் தாங்கி நின்றதும் கவனிக்கத்தக்கது. தவக்குல் வைப்பவர் ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் அறிந்த பாடமல்லவா?

இன்னொன்றும் உண்டு. தமட்கா என்ற ஊரில் கத்ரி முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக அஜ்ரக் துணி அச்சிட்டு வந்தார்கள். மர அச்சு, அவுரி நீலம், ஏராளமான தண்ணீர், இவைதான் அவர்கள் தொழிலின் உயிர். பூகம்பம் வீடுகளையும் பட்டறைகளையும் தரைமட்டமாக்கியது. தண்ணீரில் இரும்பு அதிகமாகிச் சாயம் கெட்டது. அவர்களில் பலர் புஜ் அருகே நிலம் வாங்கி ‘அஜ்ரக்பூர்’ என்று புதிய ஊரையே அமைத்தனர். வெறும் வீடு மட்டும் கட்டிக் கொடுத்திருந்தால் அந்த ஊர் பிழைத்திருக்குமா? தொழில் பிழைத்தது, அதனால் ஊர் பிழைத்தது.

கவனிக்க வேண்டிய மஸ்அலாக்கள்

1. தொழில் தெரிந்த ஏழைக்கு, அத்தொழிலின் கருவிகள் வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம். விலை கூடினாலும் குறைந்தாலும் சரியே என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல்மஜ்மூஃ நூலில் விளக்கியுள்ளார்கள். ஹனபி மத்ஹபில் ஒருவருக்கே நிஸாப் அளவு கொடுப்பது மக்ரூஹ். அவர் கடனாளியாகவோ பெருங்குடும்பஸ்தராகவோ இருந்தால் மக்ரூஹ் இல்லை.

2. அதிகத் தேவையுள்ள வெளியூராருக்கு ஜகாத்தை அனுப்புவது ஹனபி மத்ஹபில் கூடும். ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான சொல்படி, உள்ளூரில் தகுதியுடையோர் இருக்கும்போது அனுப்பக்கூடாது. அனுமதித்த உலமாக்களும் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். ஸதகாவுக்கு இந்தத் தடை இல்லை.

3. ஜகாத் தகுதியுள்ள முஸ்லிம்களுக்குரியது. ஸதகாவோ யாவருக்கும் உரியது. இடிந்த தெருவில் அண்டை வீட்டாரின் மதத்தைக் கேட்டு உதவி செய்வது முஸ்லிமுக்கு அழகல்ல.

4. இடிந்த பள்ளிவாசலையும் மதரஸாவையும் ஜகாத் பணத்தால் கட்டக் கூடாது. அதற்கு ஸதகாவும் வக்ஃபும் உண்டு.

5. குடும்பத் தலைவர் இறந்திருந்தால் மனை, இடிந்த வீடு எல்லாம் வாரிசுச் சொத்து. விதவைக்கும் பெண் மக்களுக்கும் யதீம்களுக்கும் அதில் பங்குண்டு. அண்ணன் தம்பிகள் தங்கள் பெயரில் வீடு கட்டிக்கொண்டு யதீமின் பங்கை விழுங்குவது பெரும் பாவம்.

என்ன செய்யலாம்?

வசூலான தொகையைப் பாதி இன்றைக்கு, பாதி ஆறு மாதம் கழித்து எனப் பிரித்து வையுங்கள். கணக்கை எழுதி மஹல்லாவில் வாசித்துக் காட்டுங்கள், அது அமானத். கிழிந்த துணிகளை மூட்டை கட்டி அனுப்பாதீர்கள். நாம் உடுத்த விரும்பாததைப் பிறருக்குக் கொடுப்பது கொடையாகாது. எது தேவை என்று அவர்களிடமே கேளுங்கள்: தையல் மெஷினா, கறவை மாடா, கொத்தனார் கூலியா? கொடுத்தபின் சொல்லிக் காட்டி நோகச் செய்யாதீர்கள்; அது ஸதகாவையே அழித்துவிடும் என்று குர்ஆன் எச்சரிக்கிறது.

கோடரிக்குப் பிடி போட்ட அந்தக் கரத்தின் உம்மத்தினர் நாம். முதல் திர்ஹத்தோடு நின்றுவிடாமல் இரண்டாவது திர்ஹத்தையும் கொடுக்க அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.