கற்றல் குறைபாடுள்ள மாணாக்கருக்கு மடிக்கணினி

வாய்மொழியாகக் கேட்டால் தடையின்றி விடை கூறும் சிறுவன் ஒருவன், அதையே எழுதப் பணித்தால் அரைப் பக்கத்தில் திணறுகிறான். எழுத்துக்கள் இடம் மாறுகின்றன, வரிகள் சாய்கின்றன. இதனைச் சோம்பல் எனக் கொள்ளுதல் தவறு. எழுத்தை வடிப்பதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடுவதால், கருத்தைக் கோவைப்படுத்த அவனிடம் ஆற்றல் எஞ்சுவதில்லை. விசைப்பலகை இச்சுமையைக் குறைக்கிறது. படிப்பதில் இடர்ப்படுவோருக்குக் கணினி பாடத்தைப் படித்தும் காட்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. இதனை இளமையிலேயே கண்டறிதல் பள்ளியின் கடமையாகும். குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதது எனச் சான்றளிக்கப்பெற்ற மாணாக்கருக்கு, 18 வயது வரை தக்க துணைக்கருவிகளை இலவசமாக வழங்குதல் அரசின் கடமையாகும். ஆகவே சான்றிதழே முதற்படி. விண்ணப்பத்தில் "கணினி தேவை" என்று மட்டும் எழுதினால் போதாது. அத்தகைய தாள்கள் கோப்பில் உறங்குவதற்கே உரியன. ஒரே பாடத்தைச் சிறுவன் கையால் எழுதிய தாளையும், விசைப்பலகையில் எழுதிய தாளையும் உடன் இணைத்தல் நன்று.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், மருத்துவர் அல்லது உளவியலறிஞரின் பரிந்துரையின் பேரில் தேர்விலும் கணினியை அனுமதிக்கிறது. இணையத் தொடர்பு மட்டும் கூடாது. எனினும், தேர்வு நெருங்கிய பின் தரப்படும் கருவியால் பயனில்லை. விரல்கள் பழகுவதற்குப் பல திங்கள் செல்லும். பயிற்சிக்கு இன்ஸ்கிரிப்ட் விசையமைப்பு ஏற்றது: உயிரெழுத்துக்கள் இடப்புறமும் மெய்யெழுத்துக்கள் வலப்புறமுமாக, இந்திய மொழிகள் பலவற்றிற்கும் அது பொதுவாக அமைந்துள்ளது. தாய்மொழிக்குப் பழகிய விரல்கள் இந்தி வகுப்பிலும் உதவும்.