தண்ணி குடிச்சியா?

வீல்சேர் பேஸ்கெட்பால் ஆட வருகிற புதுப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்ச?" என்பதுதான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் ஒரு வாய்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். சேரோடு நுழையும்படி வழியில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்கிற பயம்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களை இந்தப் பயம் நேரே சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். குளிர்காய்ச்சல் வந்து படுத்தால் பயிற்சியும் போச்சு, அன்றாடக் கூலியும் போச்சு. நெஞ்சு மட்டத்துக்கு மேலே அடிபட்டிருந்தால் வியர்வையும் சரியாக வராது; சித்திரை வெயிலில் உடம்பு கொதிக்கும். ஆகவே தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் எடுக்க ட்யூப் போடுகிறவர்கள் வீட்டில் முடித்துவிட்டே பஸ் ஏறுங்கள். மைதானத்தில் எந்தக் கழிப்பறைக் கதவில் சேர் நுழையும் என்று முந்தின நாளே கேட்டுவையுங்கள். ஆட்டச் சேரின் சக்கரங்கள் கீழே விரிந்து சாய்ந்திருப்பதால் பல கதவுகளில் நுழையாது. வீட்டுச் சேரும் பக்கத்தில் இருக்கட்டும், அதுவும் நிழலில். வெயிலில் நின்ற ரெக்ஸின் சீட்டு உணர்வில்லாத தொடையில் கொப்புளம் போட்டிருப்பது ராத்திரி துணி மாற்றும்போதுதான் தெரியும். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஆட்டம் நிற்கும்போதெல்லாம், புட்டத்தில் அழுத்தம் குறைய, பெல்ட்டைத் தளர்த்தி, முன்னால் குனிந்து, நெஞ்சைத் தொடைமேல் சாய்த்து இரண்டு நிமிடம் இருங்கள். கை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. சேர் தள்ள, பந்தெறிய, கட்டிலுக்கு மாற என்று எல்லாவற்றுக்கும் அதே தோள்தான். அது போனால் தானாகக் குளிப்பதும் போய்விடும். ராத்திரி கண்ணாடி வைத்துப் புட்டத்தைப் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் மறுநாள் பயிற்சி வேண்டாம்.

1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 16 பேரோடு வில்வித்தைப் போட்டி நடத்தினார் டாக்டர் லுட்விக் குட்மன். பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்தது. அதற்கு முன்பே அவர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்து, படுக்கைப்புண்ணோடும் சிறுநீர்த் தொற்றோடும் போராடியிருந்தார். வில் அதற்கப்புறம்தான் கைக்கு வந்தது.

பயிற்சியாளர்களுக்கு ஒன்று. நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்ட ஆட்டக்காரர் திடீரென்று தலை வெடிக்கிறது என்றால், முகம் சிவந்தால், வெயில் என்று விட்டுவிடாதீர்கள்; பிரஷர் ஏறுவதாக இருக்கலாம். நிமிர்ந்தே உட்கார வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தணியவில்லையென்றால் 108-ஐக் கூப்பிட்டு, "முதுகுத்தண்டு அடி, பிரஷர் ஏறுது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.