பொதுச் சுவரும் பாலிசியும்

வலியசாலை

சௌ. மீனாட்சிக்கு,

தாத்தா வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும் பேச்சு வந்ததும், “திருவனந்தபுரத்தில் பூமி நடுங்கவா போகிறது?” என்று உன் ஆத்துக்காரர் சிரித்ததாக எழுதியிருந்தாய். சிரிக்கட்டும். கேரளம் நெடுங்காலமாக மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைக்கப்பட்ட மாநிலம். 2000 டிசம்பர் 12 அன்று ஈராற்றுப்பேட்டைப் பக்கம் 5 அளவில் ஒன்று வந்தது. கோட்டயம் ஜில்லாவில் வீடுகள் விரிசல் விட்டன. அடுத்த மாதமே குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம். கட்ச்சில் இடிந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிசியே கிடையாது.

பாலிசி எடுப்பது பெரிய காரியமில்லை. 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் க்ருஹ ரக்ஷா’ என்று ஒரே மாதிரி வீட்டுப் பாலிசி இருக்கிறது. நிலநடுக்கம் அதிலேயே அடக்கம். தொகை போடும்போது மனை விலையைச் சேர்க்காதே. வீட்டின் ஓட்டுக் கூரையையும் தேக்கு உத்தரத்தையும் திரும்ப எழுப்ப இன்றைக்கு என்ன ஆகுமோ அதைப் போடு. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேரும். பூஜை அறை வெள்ளியும் பழைய படங்களும் அதில் வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் பெங்களூரில் இருப்பதால் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பதைக் கம்பெனிக்கு இப்போதே எழுதித் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கு.

என் கவலையெல்லாம் சுவரைப் பற்றியது. நம் அக்ரஹாரத்தில் ஒரு சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. கூடத்து மேல்மூலையில் ஒரு விரிசல் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. நாளைக்குப் பூமி அசைந்து புதிதாக நாலு விழுந்தால், சர்வேயர் வந்து ஐந்தையும் பார்ப்பார். எது பழசு, எது புதுசு என்று நீ எதைக் காட்டுவாய்? பக்கத்து வீட்டை இடித்து கான்கிரீட் கட்ட அஸ்திவாரம் தோண்டினால் அந்தப் பொதுச் சுவரிலும் விரிசல் விடும். அதற்குப் பாலிசி பணம் தராது, அந்த வழக்கு பக்கத்து வீட்டுக்காரரோடுதான். கிளெயிம் சிக்கலாவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே, வருஷா வருஷம் நவராத்திரிக்கு வரும்போது ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, தேதி தெரிய போட்டோ எடுத்துவிடு. பக்கத்து வீட்டு மாமியையும் எடுக்கச் சொல். மாமி முதலில் முகம் சுளிப்பார், பிறகு உன்னைவிடக் கவனமாக எடுப்பார்.

நிலநடுக்கம் வந்தேவிட்டால், அன்றே போனிலும் மின்னஞ்சலிலும் கம்பெனிக்குச் சொல்லி கிளெயிம் நம்பரை வாங்கிக்கொள். சாய்ந்த உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம், ஓடு போன இடத்தில் தார்ப்பாய் கட்டலாம், ரசீதை மட்டும் வைத்துக்கொள். சர்வேயர் பார்க்கும்வரை பூசாதே, இடிபாட்டையும் அள்ளிப் போடாதே. தேசிய நிலநடுக்கவியல் மையம் வெளியிடும் நேரமும் அளவும் கொண்ட பதிவை அச்செடுத்து கிளெயிமோடு வை. எஸ்டிமேட்டைச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடமே கேள். சிமென்ட் மட்டும் தெரிந்தவர் தேக்கு உத்தரத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார். இன்ஜினியர், சர்வேயர் கட்டணமாகக் கிளெயிமில் 5 சதவீதம் வரையும், இடிபாடு அகற்ற 2 சதவீதம் வரையும் பாலிசியிலேயே உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை.

2024-ல் காப்பீட்டு ஆணையம் போட்ட விதிப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். குறைத்துக் கொடுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடு. ஒரு மாதம் கழித்தும் தீரவில்லை என்றால் கொச்சியிலுள்ள காப்பீட்டு ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அங்கே கேட்கலாம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பாலிசி வாசகத்தை எனக்கு அனுப்பு. நான் படித்துச் சொல்கிறேன்.

சித்தப்பா