செவ்வாய்க்குச் செவ்வாய்: சந்தைக் கணக்கில் சிக்கனம்

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் புதுச்சேரியின் மதகடிப்பட்டுச் சந்தையில் மாடுகள் வந்து இறங்கிவிடும். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு டீக்கடைக்கு ஒதுங்குவார்கள். அதற்குப் பிறகுதான் நம் மாதிரி ஆட்களின் சந்தை: காய், கருவாடு, மிளகாய், புளி, கயிறு, மண்பானை. விழுப்புரம் சாலையில் போகும் பஸ்கள் பையும் கூடையுமாக நிற்கிறவர்களை ஏற்றி இறக்கும். மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் பல வீடுகளுக்கு வாரம் என்பது ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதில்லை. செவ்வாய்க்குச் செவ்வாய்தான் வாரம்.

வீட்டுச் செலவை அடக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் மாதக் கணக்கு எழுத ஆரம்பித்து, பத்தாம் தேதியோடு நோட்டை மூடிவிடுவார்கள். முப்பது நாள் என்பது கைக்கு அடங்காத நீளம். ஏழு நாள் அடங்கும். கூலி வாரக் கூலியாக இருந்தாலும் சரி, திருபுவனைக் கம்பெனியில் மாதச் சம்பளமாக இருந்தாலும் சரி, செலவை சந்தையிலிருந்து சந்தைக்கு அளந்தால் கணக்கு நிற்கும். அந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

1. திங்கள் இரவு: முதலில் அடுப்பங்கரையைப் பாருங்கள்

சந்தைக்குப் போகும் முன் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். பருப்பு இருக்கிறதா, புளி எவ்வளவு, வெங்காயம் எத்தனை நாளைக்கு வரும் என்று பார்த்து, இல்லாததை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். இருப்பதையே மறுபடி வாங்குவதில் போகிற பணம், பேரம் பேசி மிச்சம் பிடிக்கும் பணத்தைவிட அதிகம்.

அடுத்து, வாரத்துக்கான பணத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள்: சந்தைக்கு ஒன்று, பால், பஸ், ரீசார்ஜ் போன்ற நடுவாரச் செலவுக்கு ஒன்று, தொடாத பணம் ஒன்று. மூன்றாவது வெறும் ஐம்பது ரூபாயாக இருந்தாலும் போதும். அது எதற்கு என்பது பிறகு தெரியும். போனில் ஸ்கேன் செய்து கொடுக்கும்போது பணம் போவது கைக்கு உறைக்காது. சந்தைக்கு நோட்டாகவே கொண்டு போங்கள்.

2. செவ்வாய்: ஒரு சுற்று சும்மா சுற்றுங்கள்

"வாங்காம ஒரு சுத்து சுத்திட்டு வா, அப்புறம் முந்தானைய அவிழு" என்பாள் எங்கள் ஆயா. பணம் முந்தானை முடிச்சில் இருந்த காலம் அது. பேச்சு இன்றைக்கும் பொருந்தும். நுழைந்த இடத்தில் கத்தரிக்காய் ஒரு விலை, கடைசி வரிசையில் வேறு விலை. தன் கொல்லையில் பறித்ததைச் சாக்கு விரித்து விற்கிற அக்காவிடம் காய் புதிதாகவும் இருக்கும், விலையும் இறங்கும்.

கூறு போட்டு விற்பதை ஒருமுறையாவது எடை போட்டுப் பாருங்கள். கூறு பெரிதாகத் தெரிய அடியில் சொத்தையும் மேலே நல்லதுமாக அடுக்குவது உண்டு. கையில் ஒரு துணிப்பை மட்டும் போதாது. தக்காளிக்குத் தனிப் பை எடுத்துக்கொள்ளுங்கள். நசுங்கிய தக்காளியும் காசு கொடுத்து வாங்கியதுதான்.

இருட்டுகிற நேரத்தில் விலை விழும். கடையைக் கட்டுகிறவர்கள் கிடைத்ததற்குத் தள்ளுவார்கள். இதில் நான் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததென்று ஐந்து கிலோ தக்காளி வாங்கி வந்தேன். வீட்டில் மூன்று பேர். வியாழக்கிழமை பாதி தண்ணீர் விட்டது, வெள்ளிக்கிழமை மீதி எருக்குழிக்குப் போனது. அன்றிலிருந்து ஒரு விதி: மலிவாகக் கிடைப்பதை அன்று ராத்திரியே தொக்காகக் கிண்டவோ மறுநாள் வற்றலாகப் போடவோ நேரமிருந்தால் மட்டும் கூடுதலாக வாங்குவது.

3. வாங்கியதை வாடும் வரிசையில் சமையுங்கள்

என்ன சமைக்கலாம் என்பதை நாக்கிடம் கேட்காமல் காயிடம் கேளுங்கள்.

- செவ்வாய், புதன்: கீரை, கொத்தமல்லி, பழுத்த தக்காளி.
- வியாழன், வெள்ளி: வெண்டை, கத்தரி, அவரை, புடலை.
- சனி, ஞாயிறு: வாழைக்காய், சேனை, பூசணி, உருளை.
- திங்கள்: வீட்டில் இருப்பது. முருங்கைக்கீரை, கொத்தவரை வற்றல் குழம்பு, கருவாட்டுக் குழம்பு.

திங்கட்கிழமையைக் காய் வாங்காத நாளாக வைத்தால் வாரத்தில் ஒரு நாள் செலவு நிற்கும். கூடை காலியாகி, மறுநாள் சந்தைக்கு இடமும் ஆகிவிடும். சோறு மீந்தால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் வெங்காயமும் மோர்மிளகாயும் போதும். அரிசி கழுவிய தண்ணீரும் காய்த் தோலும் மாடு இருக்கிற வீட்டில் கழனித்தொட்டிக்குப் போகட்டும். மாடு இல்லாவிட்டால் வாழைக்கும் முருங்கைக்கும் ஊற்றுங்கள்.

4. சிலிண்டரில் தேதி எழுதுங்கள்

புது சிலிண்டர் மாட்டிய அன்று அதன் மேலேயே சாக்பீஸால் தேதி எழுதுங்கள். தீர்ந்த அன்று எத்தனை நாள் வந்தது என்று எண்ணுங்கள். இதைச் செய்யாமல் கேஸ் மிச்சம் பிடிக்கிறேன் என்பது அளக்காமல் துணி தைப்பது மாதிரி.

வாங்கும்போதே எடை பார்ப்பது உங்கள் உரிமை. வீட்டு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் தராசு காட்ட வேண்டிய எடை.

மிச்சம் பிடிக்கும் வழிகள் எளியவை. கொண்டைக்கடலை, மொச்சை, காராமணியை ராத்திரியே ஊற வையுங்கள். அரிசியை அரை மணி ஊற விடுங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். முழுத் தீயில் கூடுதலாக எரிவது ஆவியாக வெளியே போகிறது, பருப்புக்குப் போவதில்லை. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் தவலையில் தண்ணீர் நிரப்பிக் காலையிலிருந்து வெயிலில் வையுங்கள், நம் ஊர் வெயிலுக்கு மாலைக்குள் சூடு ஏறிவிடும். அரசின் மானியம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுகிறதா என்றும் பாஸ்புக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. மின்சாரத்தை யூனிட்டாகப் பாருங்கள்

புதுச்சேரியில் மின்கணக்கு மாதாமாதம். முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை, தாண்டினால் அதைவிட ஏறும். ஆகவே 100ஐத் தாண்டுகிற அந்தக் கடைசி யூனிட்டுகள்தான் விலை உயர்ந்தவை. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

75 வாட் பழைய மின்விசிறி தினம் 12 மணி நேரம் சுற்றினால் மாதத்துக்கு 27 யூனிட். பி.எல்.டி.சி. விசிறி ஏறக்குறைய 30 வாட்; அதே நேரத்துக்கு 11 யூனிட் கூட ஆகாது. 60 வாட் குண்டு பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட் எல்.இ.டி. என்றால் ஒன்றரைக்கும் குறைவு. முதலில் பல்பை மாற்றுங்கள், செலவு குறைவு. பிறகு அதிக நேரம் சுற்றும் விசிறி ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கடன் வாங்கினால் அது சிக்கனமாகாது.

6. மலிவைத் தேடிப் போகும் வழிச்செலவையும் கூட்டுங்கள்

எல்லை ஊர் என்பதால் இது நமக்குப் பழக்கமான கணக்கு. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து பெட்ரோல் போட இங்கே வருகிறவர்கள் உண்டு. லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். மூன்று லிட்டருக்கு பதினைந்து ரூபாய் மிச்சம். அதற்காகவே பத்து கிலோமீட்டர் வந்து திரும்பினால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில் 400 மில்லி போய்விடும். அதன் விலை பதினைந்தைவிட அதிகம். போகிற வழியில் போட்டால் லாபம், அதற்காகவே போனால் நஷ்டம். புதுச்சேரிப் பெரிய கடைக்குத் துணி எடுக்கப் போவதற்கும் இதே கணக்குதான். சாராயம் இங்கே மலிவு என்று குடிக்கிறவர் சொல்லும் மிச்சக் கணக்கை மட்டும் யாரும் நோட்டில் ஏற்ற வேண்டாம்.

7. தொடாத பணம்: பங்குனி டப்பா

வாராவாரம் ஒதுக்கிய ஐம்பதோ நூறோ எதற்கு என்றால், பங்குனிக்கு. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும், நெல் அறுத்த நிலத்தில் உளுந்து பறிப்பார்கள், கார்த்திகைப் பட்டத்து மல்லாட்டை பிடுங்குவார்கள், புது மிளகாயும் இறங்கும். வருஷத்தில் இவை மலிகிற நேரம் இதுதான். அந்த நேரத்தில் கையில் காசு இல்லாதவர்தான் ஐப்பசி மழையில் கால் கிலோ கால் கிலோவாக அதையே கூடுதல் விலைக்கு வாங்குகிறார்.

வாங்கினால் காப்பாற்றத் தெரிய வேண்டும். புளியைக் கொட்டை எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, கல்லுப்பு தூவி மண்பானையில் அமுக்கி வையுங்கள். உளுந்தைக் கடித்தால் டக்கென்று உடையும்வரை வெயிலில் போட்டு, ஆறிய பிறகு டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூச்சி பிடிக்கும். மிளகாயைக் காம்பு கிள்ளாமல் வைத்து, அரைக்கும்போது கிள்ளுங்கள்.

எண்ணெய்க்கு ஒரு கணக்கு: ஏறக்குறைய இரண்டரைக் கிலோ மல்லாட்டைப் பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் வரும். பருப்பு விலை, ஆட்டுகூலி இரண்டையும் கூட்டி, புண்ணாக்கு விலையைக் கழியுங்கள். வருகிற தொகை கடையின் செக்கு எண்ணெய் விலையைவிடக் குறைந்தால் ஆட்டுங்கள், இல்லையென்றால் கடையிலேயே வாங்குங்கள். பாமாயில் பாக்கெட்டோடு ஒப்பிடாதீர்கள், அது வேறு எண்ணெய்.

பங்குனி போக மிஞ்சுவதை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடலாம். மாதம் நூறு ரூபாயிலிருந்தே கணக்குத் தொடங்கலாம், ஐந்து ஆண்டு முதிர்வு. பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் போட்டுவிட்டு, ஐப்பசியில் பூட்டிய வீட்டு வாசலில் நிற்கும் நிலை வேண்டாம்.

8. கை வைக்கக் கூடாத இடங்கள்

பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது, கறுத்த எண்ணெயில் மறுபடி பொரிப்பது, கேஸ் டியூப்பை விரிசல் விட்ட பிறகும் வைத்திருப்பது, பிள்ளையின் முட்டையைக் குறைப்பது. இவற்றில் மிச்சமாகிற ரூபாய் பிறகு ஆஸ்பத்திரிக்கு வட்டியோடு போகும்.

எட்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். வருகிற திங்கள் இரவு டப்பாக்களைத் திறந்து பார்த்துச் சீட்டு எழுதுங்கள். செவ்வாய் போய்வந்து, மீந்த சில்லறையைப் பங்குனி டப்பாவில் போடுங்கள். அடுத்த செவ்வாய்க்குள் கீரை எதுவும் வாடாமல் தீர்ந்திருந்தால், அடுத்த படிக்குப் போகலாம்.